பழைய டெஸ்க்டாப்பில் சாட்டா, யுஎஸ்பி விரிவாக்கக் கார்டுகள் பொருத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

பெரம்பூரில் திருமணப் புகைப்பட ஸ்டுடியோ நடத்தும் நண்பர் ஒருவரின் கணினி, 2012 வாக்கில் சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்கப்பட்டது. எச்61 சிப்செட் (மதர்போர்டின் இணைப்புகளைக் கட்டுப்படுத்தும் சிப்) கொண்ட மதர்போர்டு, மூன்றாம் தலைமுறை ஐ5 பிராசசர், 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க் என்பது அதன் அமைப்பு. முகூர்த்த நாள் முடிந்து வந்து, 64 ஜிபி மெமரி கார்டைக் கணினியில் நகலெடுக்க அரை மணி நேரம் ஆகிறது என்பது அவருடைய முதல் குறை. படங்களை வைக்க இடமில்லை, புதிய ஹார்டு டிஸ்க் மாட்ட மதர்போர்டில் டிஸ்குகளை இணைக்கும் சாட்டா போர்ட்டும் போதிய அளவில் இல்லை என்பது இரண்டாவது குறை. புதிய கணினியே வாங்கிவிடலாமா என்று கேட்டார். பிராசசர் அவருடைய வேலைக்கு இன்னும் போதுமானதாகவே இருந்ததால், கூடுதல் போர்ட்டுகள் தரும் இரண்டு சிறிய விரிவாக்கக் கார்டுகளும் ஹார்டு டிஸ்கைவிட வேகமான ஒரு எஸ்எஸ்டியும் போதும் என்றேன். அந்த வேலையை ஒட்டியே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

அரை மணி நேரக் கணக்கு எளியது. 2000ஆம் ஆண்டில் வந்த யுஎஸ்பி 2.0 தரத்தின் ஏட்டு வேகம் விநாடிக்கு 480 மெகாபிட் (எட்டு மெகாபிட் சேர்ந்தது ஒரு எம்பி). நடைமுறையில் விநாடிக்கு 35 எம்பி கிடைத்தாலே நல்லது. அந்த வேகத்தில் 64 ஜிபி நகலாக ஏறத்தாழ 30 நிமிடங்கள் பிடிக்கும். 2008இல் வெளியான யுஎஸ்பி 3.0 தரத்தின் வேகம் 5 ஜிகாபிட். அதில் மெமரி கார்டு ரீடரைச் செருகினால், தடை போர்ட்டிலிருந்து மெமரி கார்டுக்கு மாறிவிடும். விநாடிக்கு 90 எம்பி தரும் சாதாரண கேமரா கார்டு என்றால் அதே வேலை 12 நிமிடங்களில் முடியும். எச்61 சிப்செட்டில் யுஎஸ்பி 3.0 கிடையாது, இன்டெல் அதைத் தன் சிப்செட்டுக்குள் சேர்த்தது 2012இல் வந்த ஏழாம் வரிசையில்தான். அதனால் இத்தகைய போர்டுகளுக்கு விரிவாக்கக் கார்டு ஒன்றே வழி.

கடைக்குப் போகும் முன் ஸ்லாட்டைப் பாருங்கள்

இந்த வேலையில் பணம் வீணாவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: கார்டின் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட வேகத்தைப் பார்த்து வாங்குகிறோம், அது உட்காரப்போகும் ஸ்லாட்டின் வேகத்தைப் பார்ப்பதில்லை. அண்ணா சாலையில் எவ்வளவு வேகமாக வந்தாலும் ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்ததும் நடைவேகம்தான் என்பது போல, கார்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஸ்லாட் விடுகிற அளவுக்கே தரவு போகும்.

கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். மதர்போர்டின் கீழ்ப்பகுதியில் நீளமான ஸ்லாட் ஒன்றும் மிகச் சிறிய ஸ்லாட் ஒன்றோ இரண்டோ இருக்கும். நீளமானது பதினாறு பாதைகள் (தரவு செல்லும் தனித்தனி வழிகள்) கொண்ட பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட். கிராஃபிக்ஸ் கார்டுக்காக வைக்கப்பட்டது. சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள சிறியது ஒற்றைப் பாதை ஸ்லாட். இவற்றோடு, பெரும்பாலும் வெள்ளை நிறத்தில், நீளமான ஸ்லாட்டைவிடச் சற்றே குட்டையான ஸ்லாட்டுகள் தென்பட்டால் அவை பழைய பிசிஐ வகை. பெயர் ஒத்திருந்தாலும் பிசிஐ வேறு, பிசிஐ எக்ஸ்பிரஸ் வேறு. ஒன்றுக்கான கார்டு மற்றொன்றில் உட்காராது. பழைய பிசிஐயின் மொத்த வேகமே விநாடிக்கு 133 எம்பி என்பதால், அதற்கென விற்கும் கார்டுகளில் பணம் போடுவதை நான் பரிந்துரைப்பதில்லை.

பிசிஐ எக்ஸ்பிரஸிலும் தலைமுறைகள் உண்டு. முதல் தலைமுறையில் ஒரு பாதைக்கு விநாடிக்கு 250 எம்பி. இரண்டாம் தலைமுறையில் 500 எம்பி. மூன்றாம் தலைமுறையில் ஏறத்தாழ 985 எம்பி. இவை ஏட்டுக் கணக்குகள். கையில் கிடைப்பது இவற்றில் நான்கில் மூன்று பங்கிலிருந்து ஐந்தில் நான்கு பங்கு வரை. எச்61 போர்டின் சிறிய ஸ்லாட்டுகள் இரண்டாம் தலைமுறை என்பதால், அங்கே விநாடிக்கு சுமார் 400 எம்பி எதிர்பார்க்கலாம். அதற்கு முந்தைய ஜி41 போர்டுகளில் உள்ளவை முதல் தலைமுறை. அங்கே 200 எம்பி வந்தால் பெரிது.

இதிலிருந்து பலரும் எதிர்பாராத ஒரு முடிவு வருகிறது. ஜி41 போர்டில் ஏற்கெனவே உள்ள சாட்டா போர்ட்டுகள் 3 ஜிகாபிட் வகை. அவை ஒரு எஸ்எஸ்டிக்கு விநாடிக்கு 250 எம்பிக்கு மேல் தரக்கூடியவை. அந்தப் போர்டில், "6 ஜிகாபிட்" என்று பெரிதாக அச்சிட்ட சாட்டா கார்டை வாங்கி, எஸ்எஸ்டியை அதற்கு மாற்றினால், வேகம் கூடுவதற்குப் பதிலாகக் குறையும். எச்61 போர்டில் சிறிது கூடும். ஆனால் விண்டோஸ் திறப்பதும் மென்பொருள்கள் எழுவதும் சிறுசிறு கோப்புகளைச் சிதறலாகப் படிக்கும் வேலை என்பதால், 270 எம்பிக்கும் 400 எம்பிக்கும் உள்ள வித்தியாசம் பயன்படுத்துபவருக்குத் தெரியவே தெரியாது. ஆகவே இயங்குதளம் இருக்கும் எஸ்எஸ்டியை எப்போதும் மதர்போர்டின் சொந்த சாட்டா போர்ட்டிலேயே மாட்டுங்கள். கார்டின் போர்ட்டுகளைத் தரவு வைக்கும் ஹார்டு டிஸ்குகளுக்குக் கொடுங்கள். ஹார்டு டிஸ்க் ஒன்று விநாடிக்கு 100 முதல் 200 எம்பி வரைதான் தரும் என்பதால் ஒற்றைப் பாதை அதற்குப் போதும். கணினி எழும்போதே கார்டைப் பழைய பயாஸ் (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அடையாளம் காணுமா என்ற கவலையும் இதனால் நீங்குகிறது.

மதர்போர்டின் மாடல் எண் அதன் மீதே, பெரும்பாலும் ஸ்லாட்டுகளுக்கு நடுவில், பெரிய எழுத்தில் இருக்கும். அதையும் காலியாக உள்ள ஸ்லாட்டுகளையும் எஸ்எம்பிஎஸ்ஸில் (மின்சாரம் வழங்கும் பெட்டி) மிச்சமுள்ள கனெக்டர்களையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கடையில் பத்து நிமிட விளக்கத்தை அந்த மூன்று படங்கள் மிச்சப்படுத்தும்.

எந்தக் கார்டு?

சாட்டா கார்டில் கவனிக்க வேண்டியது நடுவில் உள்ள சிப். இரண்டு போர்ட் போதும் என்றால் ஏஎஸ்மீடியா 1061 சிப் கொண்ட கார்டு நன்கு பழகிய ஒன்று; இரண்டாம் தலைமுறை ஒற்றைப் பாதையில் இயங்கும். விண்டோஸ் 10, லினக்ஸ் இரண்டுமே தனி டிரைவர் கேட்காமல் அதை ஏற்கும். ஐந்து போர்ட் வேண்டுமானால் ஜேமைக்ரான் 585, ஆறு வேண்டுமானால் ஏஎஸ்மீடியா 1166 ஆகிய சிப்கள் உண்டு. ஆனால் அவை இரண்டு பாதைகளை எதிர்பார்ப்பவை. அவற்றின் முழுப் பயனும் கிடைக்க வேண்டுமானால் அந்தக் கார்டுகளை நீளமான ஸ்லாட்டில் உட்கார வைக்க வேண்டும். எட்டு, பத்து போர்ட்டுகளை மலிவு விலையில் அடுக்கித் தரும் சில கார்டுகளில் இரண்டு போர்ட் சிப் ஒன்றை வைத்து, அதன் ஒவ்வொரு வழியையும் போர்ட் மல்டிபிளையர் கொண்டு பல கிளைகளாகப் பிரித்திருப்பார்கள். ஒரு கிளையில் கோளாறு வந்தால் அதனுடன் சேர்ந்த டிஸ்குகள் அனைத்தும் மறைந்துபோகும் வாய்ப்பு இருப்பதால், வாடிக்கையாளரின் திருமணப் படங்களை அதில் வைக்க எனக்குத் துணிவில்லை.

யுஎஸ்பி கார்டில் ரெனசாஸ் 720201, வியா நிறுவனத்தின் விஎல்805 ஆகிய இரண்டும் நம்பகமான நான்கு போர்ட் சிப்கள். ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினியில் உள்ளதும் இதே விஎல்805தான். இரண்டுமே ஒற்றைப் பாதையில் இயங்குவதால், நான்கு போர்ட்டுகளும் சேர்ந்து அந்த 400 எம்பியைப் பங்கிட்டுக்கொள்ளும். 10 ஜிகாபிட் வேகம் தரும் யுஎஸ்பி கார்டுகளும் விற்கின்றன. அவற்றைச் சிறிய ஸ்லாட்டில் போடுவது வீண்.

ஒரே கார்டில் சாட்டாவும் யுஎஸ்பியும் சேர்ந்து வருவதும் உண்டு. போர்டில் ஒரே ஒரு ஸ்லாட்தான் காலி என்றால் அதை வாங்கலாம். இரண்டு ஸ்லாட் இருக்கும்போது தனித்தனிக் கார்டுகளே நல்லவை: ஒன்று பழுதானால் மற்றொன்று நிற்காது, வெளி டிஸ்கிலிருந்து உள் டிஸ்குக்கு நகலெடுக்கும்போது இரு வேலைகளும் ஒரே பாதையில் முட்டிக்கொள்வதும் இல்லை.

சாட்டாவுக்குப் பதிலாக பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியே இயங்கும் என்விஎம்இ வகை எஸ்எஸ்டியை அடாப்டர் கார்டு மூலம் நீளமான ஸ்லாட்டில் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். போடலாம், நான்கு பாதைகள் கிடைப்பதால் இரண்டாம் தலைமுறையிலேயே ஏட்டளவில் 2000 எம்பி வரும். ஆனால் எச்61 காலத்து பயாஸ் அதிலிருந்து இயங்குதளத்தைத் தொடங்காது. அதை ஏமாற்றிச் செய்யும் வழிகள் இருந்தாலும், அன்றாடத் தொழிலுக்குப் பயன்படும் கணினியில் நான் அவற்றைச் செய்வதில்லை. வீடியோ எடிட்டிங்கில் தற்காலிகக் கோப்புகளை வைக்க மட்டும் என்றால் தாராளமாகச் செய்யலாம். அதிலும் ஒரு கண்ணி உண்டு: பார்க்க ஒரே மாதிரி இருக்கும், சிறு பட்டை வடிவ எம்.2 எஸ்எஸ்டிகளில் சாட்டா வகையும் இருக்கிறது. அது இந்த அடாப்டரில் வேலை செய்யாது.

ரிச்சி தெருவில்

அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். வண்டியை எடுத்துச் சென்று நிறுத்த இடம் தேடுவது அந்தப் பகுதியில் பெரும்பாடு. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். "யுஎஸ்பி த்ரீ கார்டு குடுங்க" என்று மட்டும் கேட்டால் கைக்கு எட்டியது வரும். கார்டை வெளியில் எடுத்துப் பார்க்க அனுமதி கேட்டு, சிப்பின் மேல் உள்ள எண்ணைப் படியுங்கள். கார்டின் பின்முனையில் தனி மின் இணைப்புக்கான கனெக்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அந்தக் கனெக்டரின் அருமையை நான் பட்டுத்தான் அறிந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் மின் கனெக்டர் இல்லாத நான்கு போர்ட் கார்டு ஒன்றை விலை குறைவு என்று வாங்கினேன். பென் டிரைவ் வரை சரியாக இருந்தது. வெளி ஹார்டு டிஸ்க் இரண்டை ஒன்றாகச் செருகியதும் டிக், டிக் என்று ஒலியெழுப்பி இரண்டும் மாறி மாறி அறுந்தன. யுஎஸ்பி 3.0 போர்ட் ஒவ்வொன்றும் 900 மில்லியாம்பியர் தர வேண்டும். 5 வோல்ட்டில் நான்கு போர்ட்டுக்கு 18 வாட். சிறிய ஸ்லாட்டிலிருந்து மட்டும் அதை இழுப்பது கடினம் என்பதால்தான், நல்ல கார்டுகளில் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேரடியாக மின்சாரம் பெறும் வசதி இருக்கிறது.

அலுவலகங்களிலிருந்து கழித்துக் கட்டப்பட்டு விற்பனைக்கு வரும் ஒல்லியான டெஸ்க்டாப் உங்களுடையது என்றால், கார்டின் உலோகத் தகடு குட்டையாக இருக்க வேண்டும். முழு உயரத் தகடு 12 சென்டிமீட்டர், குட்டைத் தகடு 8 சென்டிமீட்டர். இரண்டும் பெட்டிக்குள் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அவற்றுடன் பூட்டுக் கிளிப் உள்ள சாட்டா கேபிள்களையும் பயாஸுக்கான சிஆர்2032 பேட்டரி ஒன்றையும் வாங்கிவிடுங்கள். ஜிஎஸ்டி எண் உள்ள பில் இல்லாமல் வாரண்டி பேச முடியாது.

கழற்றுவதற்கு முன்

படங்களை வேறொரு டிஸ்கில் நகலெடுத்து, அதைத் திறந்து பார்த்து உறுதி செய்த பிறகே மேலே போகவும். அடுத்ததாக, கணினி எழும்போது பயாஸுக்குள் சென்று, சாட்டா முறை (டிஸ்குகளோடு கணினி பேசும் முறை) பழைய ஐடிஇ என்றிருக்கிறதா, புதிய ஏஎச்சிஐ என்றிருக்கிறதா என்று பாருங்கள். எஸ்எஸ்டிக்கு ஏஎச்சிஐ உகந்தது. எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாக நிறுவப்போகிறீர்கள் என்றால் முதலிலேயே மாற்றிவிட்டு நிறுவுங்கள். பழைய விண்டோஸை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுப்பதானால் திடீரென்று மாற்றக் கூடாது. நீலத் திரைதான் வரும். விண்டோஸ் 10இல் முதலில் சேஃப் மோடில் எழும்படி அமைத்து, மறுதொடக்கத்தின்போது பயாஸில் ஏஎச்சிஐக்கு மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை எழுப்பிய பின் வழக்கமான முறைக்குத் திரும்பினால் சிக்கல் வராது. ஜி41 போர்டுகள் பலவற்றில் இந்தத் தேர்வே இருக்காது. அங்கே இருப்பதை வைத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

கார்டைப் பொருத்துதல்

பிளக்கைப் பிடுங்கிய பின் பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். சென்னையின் ஈரக் காற்றில் நிலைமின்சாரத் தொல்லை குறைவு. ஏசி ஓடும் அறையில் காற்று வறண்டுவிடும் என்பதால், கேபினெட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அந்த ஈரக் காற்று வேறு விதத்தில் தொல்லை தரும். திருவொற்றியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் பத்தாண்டு காலியாகக் கிடந்த ஸ்லாட்டின் தொடுமுனைகளில் தூசியும் களிம்பும் ஏறியிருக்கும். மென்மையான பிரஷ்ஷால் தூசியை நீக்கி, தொடுமுனைக்கென விற்கும் கிளீனரைச் சிறிதளவு தெளித்து நன்றாக உலர விடுங்கள்.

ஸ்லாட்டுக்கு நேராக, கேபினெட்டின் பின்பக்கம் உள்ள தகட்டைக் கழற்றுங்கள். மலிவான கேபினெட்டுகளில் இதை முன்னும் பின்னும் ஆட்டி உடைத்தெடுக்க வேண்டியிருக்கும். ஓரம் பிளேடு போலிருக்கும், விரல் பத்திரம். கார்டை நேராகப் பிடித்து, இரு முனைகளிலும் சமமாக அழுத்துங்கள். தங்கநிறப் பட்டைகள் சாய்வின்றி முழுவதும் ஸ்லாட்டுக்குள் மறைய வேண்டும். திருகை முடுக்கும்போது கார்டின் மறுமுனை மேலெழும்பினால், கேபினெட்டின் தகடு வளைந்திருக்கிறது என்று பொருள். தகட்டை நிமிர்த்திவிட்டு மீண்டும் உட்கார வையுங்கள். "கார்டு வேலை செய்யவில்லை" என்று திருப்பிக் கொண்டுவரப்படும் பல கார்டுகளின் கோளாறு இவ்வளவுதான்.

நண்பரின் கணினியில் எஸ்எஸ்டி, பழைய ஹார்டு டிஸ்க், டிவிடி ரைட்டர் ஆகிய மூன்றும் மதர்போர்டின் போர்ட்டுகளிலேயே இருக்க, புதிய 4 டிபி டிஸ்குகள் இரண்டும் சாட்டா கார்டுக்குப் போயின. ஒன்றில் வேலை, மற்றொன்றில் அதன் பிரதி.

டிஸ்குகளுக்கு மின்சாரம் தருவதில்தான் உண்மையான அபாயம் இருக்கிறது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் சாட்டா மின் கனெக்டர்கள் இரண்டோ மூன்றோதான் இருக்கும். பற்றாக்குறைக்கு, கடைக்காரர்கள் ஐடிஇ பவர் என்று சொல்லும் நான்கு ஊசிக் கனெக்டரிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிளை வாங்குவார்கள். இதில் இரண்டு வகை உண்டு. கம்பிகளைச் சேர்த்து வைத்து, மேலே பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றிச் செய்த வழவழப்பான வகையில், நாளடைவில் உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுத் தீப்பிடித்த நிகழ்வுகள் உலகெங்கும் உண்டு. ஒவ்வொரு கம்பியும் தனி முனையில் நெரித்துப் பொருத்தப்பட்டு, பின்பக்க மூடியைத் திறந்து பார்க்கும்படி இருக்கும் வகையையே வாங்குங்கள். விலை வித்தியாசம் ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவுகூட இராது. 3.5 அங்குல ஹார்டு டிஸ்க் ஒவ்வொன்றும் சுழலத் தொடங்கும் கணத்தில் 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும் என்பதால், எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் ஒட்டிய தாளில் மொத்த வாட்டைப் பார்ப்பதைவிட 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பார்ப்பதே பயனுள்ளது. பத்தாண்டுக்கு மேல் ஓடிய, பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ் என்றால் அதையும் இதே நாளில் மாற்றிவிடுவது நல்லது.

எழுப்பிப் பார்த்தல்

பக்கத் தகட்டை மூடாமல், டிஸ்குகளை இணைக்காமல், கார்டுகளை மட்டும் வைத்து முதலில் எழுப்புங்கள். விசைப்பலகையை மதர்போர்டின் பழைய யுஎஸ்பி போர்ட்டிலேயே விட்டுவையுங்கள். கார்டின் போர்ட்டில் செருகினால், இயங்குதளம் எழும்வரை அது உயிர் பெறாது, பயாஸுக்குள் போகவும் முடியாது. விண்டோஸ் எழுந்ததும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 8 முதல் யுஎஸ்பி 3.0 டிரைவர் உள்ளேயே இருக்கிறது; விண்டோஸ் 7 என்றால் சிப் நிறுவனத்தின் டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இந்தத் தலைமுறை பிராசசர்களை ஏற்பதில்லை என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தோடு அதிகம் புழங்கும் கணினியாக இருந்தால் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றுக்கு மாறுவதற்கு இதுவே தக்க தருணம். மேலே சொன்ன சிப்கள் அனைத்தும் அதில் எந்த டிரைவரும் கேட்காமல் இயங்கும்.

பிறகு அணைத்து, டிஸ்குகளை ஒவ்வொன்றாக இணையுங்கள். 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்கை முதன்முறை தயார் செய்யும்போது, டிஸ்க் மேனேஜ்மென்ட் கேட்கும் கேள்விக்கு ஜிபிடி என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எம்பிஆர் என்று விட்டால் 2 டிபிக்கு மேலுள்ள இடம் பயன்படாமல் போகும். தரவு டிஸ்க் என்பதால் பழைய பயாஸ் இதற்குத் தடையில்லை.

சரிவராதபோது

கார்டே தெரியவில்லை என்றால் அதைக் கழற்றி மீண்டும் உட்கார வையுங்கள். அடுத்து வேறு ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். நீளமான ஸ்லாட்டில் கார்டைப் போட்டதும் மானிட்டர் இருண்டுவிட்டால், கிராஃபிக்ஸ் கார்டு வந்துவிட்டதாக எண்ணி மதர்போர்டு தன் சொந்தக் காட்சி வெளியீட்டை அணைத்திருக்கலாம். கார்டைக் கழற்றிவிட்டு, பயாஸில் முதன்மைக் காட்சியை உள் கிராஃபிக்ஸ் என்று அமைத்து மீண்டும் முயலுங்கள். சில பழைய போர்டுகள் அதற்கும் இணங்குவதில்லை. அவற்றில் சிறிய ஸ்லாட் மட்டுமே கதி.

வயர்லெஸ் மவுஸ் தடுமாறத் தொடங்கினால் மவுஸைக் குறை சொல்ல வேண்டாம். யுஎஸ்பி 3.0 இணைப்புகள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும். மவுஸின் ரிசீவரைக் கேபினெட்டின் முன்பக்கமுள்ள பழைய போர்ட்டுக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். வெளி டிஸ்க் இடையிடையே அறுந்தால் முதலில் கேபிளையும் அடுத்து கார்டின் மின் இணைப்பையும் சந்தேகியுங்கள். பின்னர் பவர் ஆப்ஷன்ஸில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்பதை நிறுத்திப் பாருங்கள்.

ஒரு நாள் முழுவதும் பெரிய கோப்புகளை நகலெடுத்துப் பார்த்து, சாட்டா கார்டின் சிப்பை விரலால் தொட்டால் விரல் தாங்குகிறதா என்று சோதித்த பிறகு பக்கத் தகட்டை மூடலாம். விரல் தாங்காத சூடென்றால், கேபிள்களை ஒதுக்கிக் கட்டி, முன்பக்கத்தில் ஒரு சிறிய மின்விசிறி சேர்க்க வேண்டும். மே மாதத்துச் சென்னையில் ஏசி இல்லாத அறைக்கு அது எப்படியும் தேவைப்படும். மிஞ்சிய குட்டைத் தகட்டையும் பில்லின் நகலையும் ஒரு உறையில் போட்டுக் கேபினெட்டின் உட்புறத்தில், மின்விசிறி தொடாத இடமாகப் பார்த்து ஒட்டிவிடுங்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட பில் ஓராண்டில் வெளுத்துப்போகும் என்பதால் ஒட்டுவதற்கு முன் அதை நகலெடுத்துக்கொள்ளுங்கள்.